ரயிலடி ஜாகை

சாத்தூருக்கு ரயில் வந்தது 1876-ஆம் வருஷம், ஜனவரி மாதம் முதல் தேதி. மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தண்டவாளம் போட்டபோது, நடுவழியில் வைப்பாற்றங்கரையில் இருந்த எங்கள் ஊரும் அதில் அகப்பட்டுக்கொண்டது. சிவகாசிக்கு ரயில் எட்டியது 1927-ல், விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் பாதை போட்ட பிறகு. தீப்பெட்டியிலும் பட்டாசிலும் சிவகாசி எவ்வளவோ பேர் வாங்கிவிட்டது, வாங்கட்டும். ரயில் விஷயத்தில் மட்டும் நாங்கள் அதற்கு 51 வருஷம் மூத்தவர்கள். வெள்ளரிக்காயும் காராச்சேவும் ஒரு காலத்துப் பேனா நிப்பும் தவிர வேறு பெருமை பேச அதிகம் இல்லாத ஊர் ஆகையால், இதையும் நாங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வது உண்டு.

மூப்புக்கு ஒரு பலன் இருக்கத்தான் செய்தது. பெண் கொடுப்பதானாலும் கடை போடுவதானாலும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “ரயிலடிக்கு எவ்வளவு தூரம்?” என்பதுதான். பட்டணத்துக்குப் பிழைக்கப் போனபோதும் இந்தக் கேள்வியை அவர்கள் ஊரில் விட்டுவிட்டுப் போகவில்லை. மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் தென்பாண்டிப் பேச்சு இவ்வளவு காதில் விழுகிறதே, அதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். பட்டணத்தில் ஜாகை பிடிப்பது அவரவர் சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். சென்னையின் நூற்றைம்பது வருஷக் கதையைப் புரட்டிப் பார்த்தால், நாம் வீடு தேடுவதற்கு முன்பே தண்டவாளம் நமக்கு வீடு பார்த்து வைத்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. பார்த்து வைத்தது மட்டுமல்ல, சமயம் வந்தபோது காலி செய்யவும் சொல்லியிருக்கிறது.

தென்னாட்டின் முதல் ரயில் 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அது ஊர் விட்டு ஊர் போகிறவர்களுக்கான ரயில். ஊருக்குள்ளேயே ஆபீசுக்குப் போகிற குமாஸ்தாவுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவனுக்கு இருந்தது இரண்டு கால். ‘நடராஜா சர்வீஸ்’ என்று நம்மவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்களே, அதுதான். காலால் எட்டுகிற தூரத்தில்தான் வீடு பிடிக்க முடியும். கோட்டையிலும் கடற்கரை ஓரத்துக் கம்பெனிகளிலும் வேலை பார்த்தவர்கள் ஜார்ஜ் டவுனின் சந்துகளிலும் திருவல்லிக்கேணியிலும் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

பிறகு டிராம் வந்தது. 1895-ஆம் வருஷம் மே மாதம் 7-ஆம் தேதி சென்னையில் ஓடத் தொடங்கிய மின்சார டிராம்தான் இந்தியாவிலேயே முதலாவது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் முன்னால் நமக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. டிராம் பாதை எந்தத் தெருவில் வளைந்ததோ அந்தத் தெருவுக்கு மவுசு வளர்ந்தது. மயிலாப்பூர், ராயப்பேட்டை, புரசைவாக்கம், வண்ணாரப்பேட்டை என்று ஒன்றுக்கொன்று எட்டாத பேட்டைகளை அது ஒரே ஊராகத் தைத்தது. மயிலாப்பூரில் குடியிருந்துகொண்டு பாரி முனையில் வேலை பார்ப்பது வண்டி வாகனம் வைத்திருக்கும் வக்கீல்களுக்கு மட்டுமே ஆகக்கூடிய காரியம் என்ற நிலை மாறியது அப்போதுதான். டிராமுக்குப் பக்கத்தில் வீடு என்றால் போதும், கூடம் இருட்டாக இருந்தாலும் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

அந்த டிராமின் முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி நஷ்டத்தில் விழுந்து, 1953-ஆம் வருஷம் ஏப்ரல் 12-ஆம் தேதியோடு டிராம் நின்றுபோயிற்று. ஐம்பத்தெட்டு வருஷம் ஓடிய வண்டி. ‘இரும்புத் தண்டவாளம் அல்லவா, எங்கே போய்விடப் போகிறது?’ என்று அதை நம்பி ஜாகை பிடித்தவர்கள் பஸ்ஸைத் தேடி ஓடினார்கள். நல்ல வேளையாக 1947 முதலே அரசாங்கப் பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்தன. பாதை போய்விட்டால் வேறு பேட்டைக்கு மூட்டை கட்டலாம் என்ற சுதந்திரம் குடக்கூலிக்காரனுக்கு உண்டு. டிராம் பாதையை நம்பி வீட்டையே விலைக்கு வாங்கியவர் எங்கே போவார்? இப்படிப்பட்ட இடங்களில்தான் வாடகை வீட்டின் அருமை தெரிகிறது.

சாத்தூர்க்காரர்களின் கதை தொடங்குவது டிராமில் அல்ல, எழும்பூரில். 1908-ஆம் வருஷம் ஜூன் மாதம் எழும்பூர் நிலையத்தின் புதுக் கட்டடம் திறக்கப்பட்டது. சென்னைக்கு வடக்கேயும் மேற்கேயும் போகிறவர்களுக்கு சென்ட்ரல், தெற்கே போகிறவர்களுக்கு எழும்பூர் என்ற பாகப்பிரிவினை அன்று முதல் நிலைத்துவிட்டது. எழும்பூரை விட்டுப் புறப்பட்ட மீட்டர் கேஜ் வண்டி நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் என்று ஒரே கோடாகத் தெற்கே இறங்கும். திருச்சி, மதுரை, விருதுநகர், சாத்தூர் எல்லாம் அந்தக் கோட்டின் தொடர்ச்சிதான். ஊர் ஞாபகம் உள்ளவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? மாம்பலத்தில் ஓர் அறை எடுத்தால், வாசலில் கேட்கும் ரயில் சத்தம் தன் ஊர் வரைக்கும் போகிற சத்தம் என்ற ஆறுதல் ஒன்று இருக்கிறது. இதைச் சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள். நாலு மாதத்துக்கு ஒரு முறை மூட்டை முடிச்சோடு வந்து இறங்கும் தாயாரை நகரத்தின் மறு கோடிக்கு அழைத்துக்கொண்டு போனவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

ஆனால் 1908-ல் மாம்பலத்தில் யார் குடியிருந்தார்கள்? சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை. அது ஒரு கிராமம். அதன் பக்கத்தில் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து கிடந்தது ஒரு நீண்ட ஏரி. 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. நகரத்தின் நெரிசலுக்குப் பரிகாரம் தேடி, அப்போது ஆட்சியிலிருந்த ஜஸ்டிஸ் கட்சியினர் இந்த ஏரிப் பக்கத்தில் கண் வைத்தார்கள். 1923-ஐ ஒட்டி வேலை தொடங்கியது. ஏரி கொஞ்சம் கொஞ்சமாக மனையாயிற்று. அந்தப் புது ஊருக்கு, 1925-ல் காலமான சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் வைத்தார்கள். நடுவில் இருந்த பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். இன்று தியாகராய நகரில் நடப்பவர்கள் அந்தக் கட்சியின் அங்கத்தினர் ஜாபிதாவைக் காலாலேயே படித்துவிடலாம். அகலமான வீதிகள், நடுவில் பூங்கா, சுற்றிலும் மனைகள் என்று காகிதத்தில் கோடு கிழித்துப் பிறந்த பேட்டை அது.

ஏரிகள் போன பிறகும் அவற்றின் பெயர்கள் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு நாலு திசையும் பார்த்தாலும் ஏரி தென்படாது. நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்டு ரோடு இருக்கிறது. டாங்கும் இல்லை, பண்டும் இல்லை. வீடு பார்க்கப் போகிறவர்கள் தெருப் பெயர்ப் பலகையையும் கொஞ்சம் நின்று படிப்பது நல்லது. மழைக்காலத்தில் தண்ணீர் அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு வருவது உண்டு.

புது நகரம் எழும்பிவிட்டது. அங்கிருந்து ஆபீசுக்கு எப்படிப் போவது? இதற்குப் பதிலாக வந்ததுதான் மின்சார ரயில். பம்பாயில் 1925-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார ரயில் ஓடியது. ஆறு வருஷம் கழித்து, 1931-ல், சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு அது ஓடத் தொடங்கியது. ஏப்ரல் மாதம் கவர்னர் ஸ்டான்லி துரை தொடங்கி வைத்தார்; மே மாதம் ஜனங்கள் ஏறினார்கள். சுமார் 30 கிலோமீட்டர் தூரம். ஒரு முனையில் துறைமுகமும் பாங்கிகளும் கம்பெனிகளும், மறுமுனையில் வெட்டவெளி.

இந்த ஒரு கோட்டைப் போல சென்னை வாசிகளின் வாழ்க்கையை மாற்றியது வேறொன்றும் இல்லை என்று நான் துணிந்து சொல்வேன். காலால் அளந்த தூரத்தை ஜனங்கள் நிமிஷத்தால் அளக்கக் கற்றுக்கொண்டார்கள். ‘எத்தனை மைல்?’ என்ற கேள்வி போய், ‘எத்தனையாவது ஸ்டேஷன்?’ என்ற கேள்வி வந்தது. சீசன் டிக்கெட் என்ற சின்ன அட்டை வீட்டு வாடகைச் சீட்டுக்கு ஜோடியாகச் சட்டைப்பையில் ஏறியது. தோல் பதனிடும் குரோம் லெதர் கம்பெனியின் பெயரால் ஏற்பட்ட குரோம்பேட்டையும், டாக்டர் சௌரிமுத்து 1928-ல் க்ஷயரோகிகளுக்காகக் காற்றோட்டமான இடம் பார்த்து ஸ்தாபித்த சானடோரியமும் குமாஸ்தாக்கள் குடியிருக்கும் இடங்களாயின. ஜார்ஜ் டவுனில் இருந்த கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கே குடிபெயர்ந்தது. ஒரு கல்லூரியே ரயிலடி பார்த்து ஜாகை மாற்றும்போது கலியாணமான குமாஸ்தா மாற்றுவதில் என்ன குற்றம்?

லண்டனில் இந்தக் காரியம் வேறு விதமாக நடந்தது. அங்கே 1863-லேயே பூமிக்கு அடியில் ரயில் விட்ட மெட்ரோபாலிடன் கம்பெனி, தன் பாதை ஓரத்து நிலங்களில் தானே வீடு கட்டி விற்றது. 1915-ல் அந்தப் பிரதேசத்துக்கெல்லாம் ‘மெட்ரோலேண்ட்’ என்று பெயர் சூட்டி விளம்பரமும் செய்தது. டிக்கெட்டும் அவர்களிடம், வீடும் அவர்களிடம்! ஆனால் அதற்கு முன்னால் 1883-லேயே அங்கே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். தொழிலாளிகளுக்காகக் குறைந்த கட்டண ரயில்களை விட்டுத்தான் தீரவேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்திய சட்டம் அது. ஏழை தூரத்தில் குடியிருக்கலாம், ஆனால் தூரத்துக்காக அவனைத் தண்டிக்கக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. நம் சீசன் டிக்கெட்டையும் அந்த நியாயத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு.

யுத்த காலத்தில் ஒரு விபரீதம் நடந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் இலங்கையில் குண்டு போட்டதும் சென்னை நகரமே மூட்டை கட்டியது. சர்க்கார் ஆபீசுகளும் வெளியூர்களுக்குப் போயின. தெருவெல்லாம் ‘டு லெட்’ பலகை. இரண்டொரு வருஷத்தில் போனவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். கூடவே புதிதாகவும் ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். அப்போது ஏற்பட்ட வீட்டுப் பஞ்சம் சொல்லி முடியாது. 1946-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதைத் திருத்தி 1949-ல் ஒன்று, 1960-ல் இன்னொன்று என்று சர்க்கார் அணை போட்டுப் பார்த்தது. வாடகைக்குத்தானே கட்டுப்பாடு? பகடிக்கு இல்லையே! ரசீது இல்லாத பணம் கைமாறாமல் ரயிலடிப் பக்கத்தில் சாவி கைமாறுவது அபூர்வமாயிற்று. 1960-ஆம் வருஷத்துச் சட்டம் தொங்கித் தொங்கி ஓடி, 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது.

மாம்பலத்துக்குத் திரும்புகிறேன். அங்கே ரயில் பாதை வெறும் பாதை அல்ல, ஒரு வகுப்புக் கோடு. கிழக்கே இறங்கினால் தியாகராய நகர்: பூங்கா, அகல வீதி, பெரிய மனிதர்களின் பங்களா. மேற்கே இறங்கினால் மேற்கு மாம்பலம்: குறுகிய தெரு, வரிசை வீடு, கொசு. ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்கும் அது பேர் போன இடம். ஆனால் ரயிலுக்கு இரண்டும் ஒன்றே. ஒரே நிலையம், ஒரே வண்டி, ஒரே சீசன் டிக்கெட். கடற்கரைக்குப் போய்ச் சேரும் நேரத்தில் ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை. வாடகையில் மட்டும்தான் வித்தியாசம். தெற்கத்தி ஆட்கள் இதைக் கண்டுபிடித்துக்கொண்டு மேற்கே இறங்கினார்கள்.

என் சித்தப்பா ஒருவர் அப்படி இறங்கியவர்களில் ஒருவர். வீடு பார்க்கும் அவருடைய முறையே தனி. வீட்டுக்காரரிடம் பேசுவதற்கு முன்னால் வாசற்படியிலிருந்து ஸ்டேஷன் வரை நடந்து பார்ப்பார். பகலில் அல்ல, இரவு எட்டு மணிக்கு, முடிந்தால் மழையில். “வீடு எங்கேயும் ஓடிப்போகாது தம்பி. நடக்கப்போற பாதையைப் பாரு. வருஷம் முந்நூறு நாள் நீ குடியிருக்கப்போறது அதிலேதான்” என்பார். நான் பின்னால் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போக ஒரு மணி, வர ஒரு மணி. முந்நூறு நாளுக்கு அறுநூறு மணி நேரம். முழு நாளாக்கினால் 25 நாள். வருஷத்தில் 25 நாள், ராத்திரி பகல் தூக்கம் உட்பட, ஒரு மனுஷன் வழியிலேயே குடியிருக்கிறான். இரண்டு வீட்டு வாடகையை ஒப்பிடுகிறவர்கள் இந்த மூன்றாவது வீட்டின் வாடகையைக் கூட்ட மறந்துவிடுகிறார்கள்.

கோடம்பாக்கத்துக்காரர்கள் இதை வேறு விதமாக அனுபவித்தார்கள். 1948-ல் காரைக்குடியிலிருந்து ஏ.வி.எம். ஸ்டூடியோ அங்கே வந்தது. மற்ற ஸ்டூடியோக்களும் அந்தப் பக்கம் பெருகின. நட்சத்திரம் முதல் ஒப்பனைக்காரர் வரை எல்லாரும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். குறுக்கே ஒரு லெவல் கிராஸிங். கேட் சாத்தினால் காரும் மாட்டு வண்டியும் ஒரே வரிசையில் நிற்கும். 1965-ல் மேம்பாலம் வந்த பிறகுதான் அந்தச் சமதர்மம் ஒழிந்தது. பாலம் வருவதற்கு முன்னால் வீடு தேடியவர்களுக்கு ‘கேட்டுக்கு இந்தப் புறமா, அந்தப் புறமா?’ என்பது சாதாரணக் கேள்வி அல்ல.

ரயிலடியில் குடியிருப்பதன் கசப்பைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பாதிதான். மாம்பலம் நிலையத்திலிருந்து உஸ்மான் ரோடுக்குப் போகும் ரங்கநாதன் தெருவை அறியாத தமிழர் யார்? இன்று அங்கே தோளோடு தோள் இடிக்காமல் நடப்பவர் பாக்கியசாலி. ஆனால் அதுவும் ஒரு காலத்தில் குடும்பங்கள் குடியிருந்த தெரு. வாசலில் கோலம் இருந்தது, திண்ணை இருந்தது. நிலையம் பக்கத்தில் என்ற ஒரே காரணத்துக்காக அங்கே குடி வந்தவர்கள் உண்டு. அதே காரணத்துக்காகக் கடைகளும் வந்தன. தினம் லட்சோபலட்சம் கால்கள் ஒரு தெரு வழியே போனால் வியாபாரி விடுவானா? பாத்திரக் கடையும் ஜவுளிக் கடையும் கொடுக்கும் வாடகையைச் சம்பளக்காரன் கொடுக்க முடியுமா? கடை வைத்தவர்களிலும் பலர் எங்கள் தெற்கத்திச் சீமைக்காரர்களே. அண்ணாச்சிமார் வந்தார்கள், ஐயாமார் காலி செய்தார்கள். போனவர்கள் இன்னும் நாலு ஸ்டேஷன் தள்ளிப் போனார்கள். ரயிலடியைத் தேடி வந்தவனை ரயிலடியே துரத்துவது இப்படித்தான். சட்டம் போட்டு வாடகையை நிறுத்தப் பார்த்தவர்கள் இந்த ஓட்டத்தை நிறுத்த ஒரு வழியும் கண்டுபிடிக்கவில்லை.

எல்லாரும் மாம்பலத்துக்கே போனார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கலியாணம் ஆகாத பிள்ளைகளுக்கு திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருந்தன. மௌண்ட் ரோடும் சேப்பாக்கமும் நடக்கிற தூரம். ரயிலும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். எங்கள் பக்கத்துப் பட்டாசு, தீப்பெட்டி வியாபாரிகளுக்கு பாரி முனைதான் உலகம். தீபாவளிச் சமயத்தில் பத்ரியன் தெருவில் கேட்கும் பேச்சைக் கேட்டால் சிவகாசித் தேரடியில் நிற்கிறோமோ என்று சந்தேகம் வரும்.

அந்த வியாபாரிகளுக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. வெளியூர் பஸ்களெல்லாம் அப்போது பாரி முனையிலிருந்துதான் புறப்பட்டன. கடையைச் சாத்திவிட்டு நாலு எட்டு வைத்தால் சாத்தூர் பஸ்ஸில் உட்காரலாம். 2002-ல் வெளியூர் பஸ் நிலையம் கோயம்பேட்டுக்குப் போயிற்று. உடனே வடபழனியிலும் விருகம்பாக்கத்திலும் தெற்கத்திப் பிள்ளைகள் அறை தேடத் தொடங்கினார்கள். 2015-ல் முதல் மெட்ரோ ரயில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவே ஓடியபோது, அவர்களுடைய அதிருஷ்டத்தைப் பார்த்து மற்றவர்கள் வயிறு எரிந்தார்கள். வீட்டுக்காரர்களும் அதைக் கவனிக்கத் தவறவில்லை. பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரியைத் தொட்டபோதும் இதே கதைதான். அங்கே ரயிலை மட்டும் பார்த்துக் குடிபோன பலர், 2015 டிசம்பரில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு வேளச்சேரிக்கு ஓர் ஏரி உண்டு என்பதைத் தெரிந்துகொண்டார்கள். கடைசியாக 2023 டிசம்பரில் தென் மாவட்டப் பஸ்களுக்காகக் கிளாம்பாக்கத்தில் புது நிலையம் திறந்தார்கள். நகரத்தின் நடுவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். கோயம்பேட்டை நம்பி வடபழனியில் கூடுதல் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவர்களின் கணக்கு ஒரே ராத்திரியில் தப்பாயிற்று. ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருந்த வீட்டுக்காரர்கள் மறுநாள் காலையிலேயே பெயிண்ட் டப்பா வாங்கப் போயிருப்பார்கள்.

பஸ் நிலையம் இப்படி ஊர் ஊராகக் குடிபெயர்ந்தாலும், 1931-ல் மின்சாரம் ஏறிய அந்தப் பழைய பாதை மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. மீட்டர் கேஜ் மின்சார வண்டிகள் 2004-ல் ஓய்ந்து, எல்லாம் அகலப் பாதையாகிவிட்டது. நிலையங்களின் வரிசையில் மாற்றம் இல்லை. சாத்தூரில் முந்தின நாள் ராத்திரி ஏறியவர்கள் விடியற்காலையில் தாம்பரம் வந்ததும் பாதிப் பேர் எழும்பூருக்குக் காத்திராமல் இறங்கிவிடுகிறார்கள். சேவுப் பொட்டலம் கசங்காமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் பெட்டியோடு, அடுத்த பிளாட்பாரத்தில் முதல் மின்சார வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிறார்கள்.